அத்தையின் கையெழுத்து

மார்ச் 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். கடிதத்தைப் பிரித்ததும் நீங்கள் முதலில் தேடுவது இந்த வரியைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அறைக் கதவை உள்ளேயிருந்து நானே பூட்டிக்கொள்கிறேன்.

போன் செய்யாமல் என்ன கடிதம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். போன முறை பேசியபோது என்ன ஆயிற்று? நீங்கள் அழுதீர்கள், நான் அழுதேன், "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம், வைத்துவிட்டோம். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நான் அத்தானை விட்டு வந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் இங்கே எங்களோடு தங்கியிருந்தபோது பார்த்தீர்களே, நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அது இன்னும் மோசமானது. அதை எழுதப் போவதில்லை. இப்போது பெண்களுக்கான ஒரு விடுதியில் இருக்கிறேன். சின்ன அறை, இரண்டு கட்டில். எதிர்க் கட்டில்காரி விடும் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆனாலும் இவ்வளவு நிம்மதியாக நான் தூங்கிப் பல வருடம் ஆகிறது. விடுதி முகவரியை யாருக்கும் தரக் கூடாது என்பது விதி. உறைமேல் இருப்பது என் வக்கீலம்மாவின் அலுவலக முகவரி.

ஆமாம், எனக்கு ஒரு வக்கீல் இருக்கிறார்! நூலகத்தின் மாடியில் இலவச சட்ட உதவி மையம் நடத்துகிறார்கள். நான் மழைக்கு ஒதுங்கியவள்தான், அறிவிப்பைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனேன். நான் இந்த நாட்டுக்கு வந்தது அத்தானின் மனைவி என்ற முறையில், அவர் பெயரோடு ஒட்டிய டிபெண்டன்ட் விசாவில். அவர் இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியவர். நான் அவரோடு சேர்ந்து வாழும்வரை தங்கலாம். ஒவ்வொரு சண்டையிலும் அவர் இதைத்தான் சொல்வார்: "ஒரு போன் போட்டாப் போதும், நாளைக்கே உன்னை பிளைட்ல ஏத்திடுவாங்க." என் பாஸ்போர்ட்டும் அவர் பீரோவில் இருந்தது. நம்பாமல் என்ன செய்வேன்?

வக்கீலம்மா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதை மையத்தில் மொழிபெயர்க்கும் பெண் எனக்குச் சொன்னாள்: "விசா குடுத்தது அரசாங்கம்மா. அதை எடுக்கிறதும் வைக்கிறதும் அரசாங்கத்தோட வேலை, உங்க வீட்டுக்காரரோட வேலை இல்ல. பாஸ்போர்ட்டும் அவர் சொத்து இல்ல." போலீஸ் துணையோடு போய் அதை வாங்கி வந்தோம். அத்தான் கதவைத் திறந்து, விருந்தாளியைப் போல எங்களை உட்காரச் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரிந்துவிட்டால் அந்த விசா போய்விடும். அது உண்மைதான். ஆனால் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கணவன் மூலமாக வந்த பெண், வீட்டில் அடி தாங்காமல் வெளியேறினால், தன் பெயரில் தனியாகத் தங்கும் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டதற்கு டாக்டர் சீட்டு இருக்கிறது. அதில் விரிசல் என்று இருக்கிறதே தவிர யாரால் என்று இல்லை. கீழ் வீட்டுக்காரர் சத்தம் கேட்டிருக்கிறார், பார்க்கவில்லை.

கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான். நீங்கள்.

பார்த்ததை எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா அத்தை? அவர் உங்கள் மகன். முடியாது என்று சொன்னாலும் நான் உங்கள் வாயாடிதான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 24

என் வாயாடிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை என் டைப் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. மீதியைப் படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்திரம் அடிக்க வந்திருந்த ஒருவர், "அம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

ஒரு மாதமாக விடுதியில் இருக்கிறாய், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவன் போனில், "அவ பிரெண்டு வீட்டுக்குப் போயிருக்காம்மா" என்றான். தினமும் அதையே சொன்னான். நானும் கேட்டுக்கொண்டேன். உன்மேல் எனக்குக் கோபம். ஏன் முன்பே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பதிவாளர் அலுவலக வாசலில் முப்பது வருடமாக டைப் அடிக்கிறேன். எத்தனை அம்மாக்களுக்கு வாக்குமூலம் அடித்துக் கொடுத்திருப்பேன் தெரியுமா? ஒவ்வொருத்தியும் சொல்வது ஒன்றுதான், என் பையன் தங்கம், வந்தவள்தான் சரியில்லை. நானும் அடித்துக் கொடுத்தேன். என் மகன் என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா? கண் ஆபரேஷனுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வரவில்லையா? அவனுக்கு எதிராக நானே கையெழுத்துப் போட்டால், நாளை அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நான் கையெழுத்துப் போட்டால் அவனை என்ன செய்வார்கள்? ஜெயிலில் போடுவார்களா? அவனையும் நாட்டை விட்டு அனுப்புவார்களா? அதை அந்த வக்கீலம்மாவிடம் கேட்டு எழுது. பொய் சொல்லித் தேற்றாதே.

இன்னொன்றும் கேட்கிறேன். பேசாமல் ஊருக்கு வந்துவிட்டால் என்ன? இங்கே உனக்கு ஒரு வாய்ச் சோறு இல்லையா?

இப்படிக்கு,
உன் மாமியார்


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், கடைசியில் "மாமியார்" என்று போட்டிருந்தீர்களே, அதைத் தவிர. பிறந்ததிலிருந்து நீங்கள் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்த வார்த்தை இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட "அத்தை" என்றுதான் போடச் சொன்னீர்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் எழுதித் தரும் வாக்குமூலம் என் தங்கும் உரிமைக்கான விண்ணப்பத்தோடு போகும். இது அத்தான்மேல் போடும் வழக்கு இல்லை. இதற்காக யாரும் அவரைக் கைது செய்ய வர மாட்டார்கள். வழக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் என் விருப்பம். நான் கொடுக்கவில்லை. ஆனால் அவர் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறார் இல்லையா? அங்கே நடத்தையைப் பற்றிக் கேட்பார்கள். இந்தக் காகிதத்தால் அவருக்கு ஒரு கேள்வி வரலாம், தாமதம் ஆகலாம். வரவே வராது என்று வக்கீலம்மாவால் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லித் தேற்றாதே என்றீர்கள், தேற்றவில்லை.

ஊருக்கு வருவது பற்றி. விண்ணப்பம் போட்டாகிவிட்டது. முடிவு வருவதற்கு முன்னால் நான் இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால், அதை நானே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அது சட்டம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஊரில் எனக்கு இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். அப்பா அம்மா போன பிறகு என்னைக் கையைப் பிடித்து அழைத்து வந்த வீடு. ஆனால் அது அவர் வீடும்தானே அத்தை. அவர் விடுப்பில் வந்தால் நான் எந்த அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன்?

நான் லேப் டெக்னீஷியன். நீங்கள் படிக்க வைத்த படிப்பு. இங்கே உரிமத் தேர்வு எழுதினால் மறுபடியும் ரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போகலாம். அதற்கு முதலில் இங்கே தங்க எனக்கு உரிமை வேண்டும். எல்லாம் அந்த ஒரு முடிவில்தான் தொங்குகிறது. முடிவு வரும்வரை வேலை செய்ய இடைக்கால அனுமதி தந்திருக்கிறார்கள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழும். இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். என் ஜோடி ஒரு குண்டு அக்கா. அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. மடிப்பு கோணினால் மட்டும் இருவருக்கும் புரிகிற ஒரு சத்தம் போடுவாள்.

யோசியுங்கள். அவசரமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் மே மாதக் கடைசிக்குள் ஆதாரங்கள் எல்லாம் போக வேண்டும்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 28

என் வாயாடிக்கு,

நீ கேட்டதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பல நாள் தூக்கம் இல்லை. உன் அப்பா போட்டோ முன்னால் நின்று, "தம்பி, என்னை இப்படி மாட்டி விட்டுட்டுப் போயிட்டியே" என்று திட்டினேன். அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் கடையில் கூட்டம் குறைந்ததும் உட்கார்ந்து அடித்துவிட்டேன். முத்திரைத்தாளில், ஓரம் விட்டு, பத்தி எண் போட்டு, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. நோட்டரி வக்கீல், "அம்மா அடிச்சா நான் படிச்சே பார்க்க வேண்டாம்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்பவள் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு எழுதியிருக்கிறேன். இதை வைத்து அந்த வக்கீலம்மா சமாளித்துக்கொள்ளட்டும்.

குண்டு அக்காவைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


மே 12

அத்தை,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாக்குமூலத்தை மொழிபெயர்த்து வக்கீலம்மாவிடம் கொடுத்தார்கள். அவர் ஒருமுறை படித்தார், பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "அழகான காகிதம். ஆனா இதுல உங்க அத்தை எங்கேயுமே இல்லையே" என்றார்.

"மேற்படி தம்பதியரிடையே அவ்வப்போது எழுந்த சிற்சில மனவேறுபாடுகள் காரணமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். மழை நாளில் என் இடது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது அத்தை. விரிப்பை உதறும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அது மனவேறுபாடா? "மேற்படியார் நற்குணமும் பொறுமையும் உடையவர்" என்று இருக்கிறது. அந்த மேற்படியார் நானா, அவரா? பத்துப் பத்தி தேடியும் யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். ஏழாவது பத்தியைப் பாருங்கள். உங்களிடம் நகல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். "மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியதையும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

எந்தச் சொத்து அத்தை? நானா?

சொத்தில் பங்கு வேண்டாம் என்று யாரோ எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி அடித்திருக்கிறீர்கள். மொழிபெயர்க்கிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

என்னை நீங்கள் வாயாடி என்று கூப்பிட ஆரம்பித்தபோது எனக்கு மூன்று வயது இருக்குமா? அந்த வீட்டில் கடைசி வருடங்களில் நான் ஒரு நாளைக்கு எவ்வளவு பேசினேன் என்று நீங்கள் தங்கியிருந்தபோது கவனித்தீர்கள். நீங்களே கேட்டீர்கள், "என்னடி, வாயை அடகு வெச்சுட்டியா" என்று. இப்போது ஒரே ஒரு இடத்தில் எனக்காக நீங்கள் பேச வேண்டியிருந்தது. அங்கே போய் யாரோ ஒருவருடைய வார்த்தையை அடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

வேண்டாம், விட்டுவிடுங்கள். நீங்கள் அவரைப் பெற்ற அம்மா, எனக்குப் புரிகிறது. கெடுவை ஜூன் கடைசிவரை நீட்டிக்கச் சொல்லி வக்கீலம்மா கேட்டு வாங்கியிருக்கிறார். வேறு வழி பார்க்கிறோம். டாக்டர் சீட்டும் கீழ் வீட்டுக்காரரும் போதுமா என்று தெரியவில்லை. போதாவிட்டால் திரும்பி வருவேன். அப்போது எந்த அறை காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

மருமகள்


ஜூன் 2

என் கண்ணு,

இந்தக் கடிதம் கையால் எழுதுவது. கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள். மெஷினிலேயே கிடந்தவளுக்குப் பேனா பிடித்தால் சுண்டுவிரல் இழுக்கிறது.

டைப் பழகும்போது எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், அடிப்பதை வாசிக்காதே என்பது. எழுத்தை மட்டும் பார், அர்த்தத்தைப் பார்த்தால் வேகம் போய்விடும் என்பார்கள். அர்த்தத்தைப் பார்த்தால் எங்கள் வாசலில் உட்காரவும் முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பாகப்பிரிவினை, எத்தனை விவாகரத்து. அப்படியே பழகிவிட்டேன். உன் கடிதம் வந்ததும் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அடித்ததை முதல் முறையாக உட்கார்ந்து வாசித்தேன். ஏழாவது பத்திக்கு வந்தேன். உன்னைச் சொத்து என்று எழுதி, பாத்தியதை இல்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என் தம்பி இருந்திருந்தால் என்னோடு பேச்சையே நிறுத்தியிருப்பான்.

இரண்டாவது வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. அதையும் கையால்தான் எழுதினேன், பத்தி எண் இல்லை. அதில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் உங்களோடு தங்கியிருந்தபோது ஒரு சாயங்காலம் என் மகனின் நண்பர் சாப்பிட வந்தார். "என் மனைவி வேலைக்கெல்லாம் போனதில்லை" என்று என் மகன் சொன்னான். "லேப் டெக்னீஷியனா இருந்தேன்" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நண்பர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜை அருகில் நின்றிருந்த உன் இடது கையைப் பிடித்து முறுக்கினான். நீ உட்கார்ந்துவிட்டாய். அவன் விடவில்லை. சத்தம் கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, "நீங்க சாப்பிடுங்கம்மா, ஆறிடப் போகுது" என்றான். நான் சாப்பிட்டேன். இதைத்தான் எழுதியிருக்கிறேன். சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறேன். நோட்டரி வக்கீல் இதைப் படித்தார். முத்திரை குத்தினார், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அனுப்புவதற்கு முன்னால் அவனுக்குப் போன் செய்தேன். முதுகுக்குப் பின்னால் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "நான் ஒண்ணு எழுதியிருக்கேன், குறுக்க பேசாம கேளு" என்று சொல்லி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். "சாப்பிட்டேன்" என்ற இடம்வரை லைனில் இருந்தான். அப்புறம், "நீங்க என் அம்மாவா, அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டான். "உனக்கு அம்மாவா இருக்கிறதாலதான்டா முதல்ல உனக்கு வாசிச்சேன்" என்றேன். வைத்துவிட்டான். அன்றிலிருந்து போன் இல்லை.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்றால் நான் மனுஷியே இல்லை. பெற்ற பிள்ளை என்றாவது திருந்துவான் என்று நம்பி வைத்திருக்கிறேன், அந்த ஆசையை என்னால் விட முடியாது. நீ அதற்காக என்மேல் வருத்தப்படாதே.

எந்த அறை காலி என்று கேட்டாயே. எல்லா அறையும் காலிதான். ஆனால் நீ இங்கே வந்து ஒளிந்துகொள்ள வேண்டாம். அங்கேயே நிமிர்ந்து நில். தேர்வுக்குப் படி.

உன் அத்தை


நவம்பர் 18

என் அன்பு அத்தைக்கு,

வந்துவிட்டது! வந்துவிட்டது! வந்துவிட்டது!

மூன்று முறை எழுதினாலும் போதவில்லை. போனில் சொல்லியிருப்பேன், நீங்கள் "கேக்குதா கேக்குதா" என்று இந்தச் செய்தியையும் கெடுத்துவிடுவீர்கள் என்று பயம்.

நேற்று வேலையில் இருந்தபோது வக்கீலம்மா சலவைக்கூடத்துக்குப் போன் செய்தார். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டபோது விரிப்பின் இரண்டு முனை என் கையில். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் குண்டு அக்கா தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்து அந்தச் சத்தத்தைப் போட்டாள். கையால் விமானம் காட்டி, இல்லை இல்லை என்று தலையாட்டி, தரையைக் காலால் தட்டிக் காட்டினேன். புரிந்துகொண்டாள். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். என் எடையைப் பற்றி நீங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம், இறக்கி வைத்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

என் பெயரில், என் பெயரில் மட்டும், தங்கும் உரிமை. சாயங்காலமே வக்கீலம்மாவிடம் போய் வாங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முன்பிருந்த அட்டையில் அவர் பெயரும் இருக்கும். இதில் என்னைத் தவிர யாரும் இல்லை. போட்டோவில் நான் விழித்துக்கொண்டிருக்கிறேன், அது போகட்டும்.

நேர்காணலைப் பற்றி உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. செப்டம்பரில் நடந்தது. ஒரு சின்ன அறை, மேஜை, தண்ணீர் ஜாடி, நடுத்தர வயது அதிகாரி ஒருவர். என்னிடம் நிறையக் கேட்பார் என்று வக்கீலம்மா தயார் செய்து அழைத்துப் போனார். அதிகாரி உங்கள் கையெழுத்துப் பக்கங்களையும் அதன் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்திருந்தார். உங்கள் கிறுக்கலை மொழிபெயர்க்க அந்தப் பெண் பட்ட பாடு தனிக் கதை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டாளாம். அதிகாரி ஓர் இடத்தில் விரலை வைத்து, "இவர் இந்த இடத்தில் சாப்பிட்டதாகச் சொல்கிறாரே, இதை ஏன் எழுதினார்?" என்று என்னைக் கேட்டார். "அது உண்மை என்பதால்" என்றேன். அதற்குமேல் அந்தக் காகிதத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

அத்தான் பற்றி: அவர் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறதாம், விவாகரத்துக்குப் போட்டிருக்கிறேன் இல்லையா, அந்த வக்கீல் மூலம் தெரிந்தது. உங்களிடம் மறைக்கக் கூடாது என்று சொல்கிறேன். சந்தோஷப்படவில்லை. சத்தியமாக.

ஜனவரியில் தேர்வு எழுதுகிறேன். விடுதியிலிருந்து மாறி, ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே ஒரு மரம், சமைக்க மூலையில் இடம், இரண்டு பேர் படுக்கலாம். இரண்டாவது ஆள் யார் என்று கேட்க மாட்டீர்களா? இப்போது நானே ஒருவரை விருந்தினராக அழைக்கலாம். அழைப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் செல்லும்!

விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தேன். அழைக்கப்படுபவர் பெயர், தொழில், முகவரி, எல்லாம் எழுதிவிட்டேன். "உறவுமுறை" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மாமியார் என்று எழுதலாம், ஆனால் விவாகரத்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு சட்டப்படி நீங்கள் எனக்கு மாமியார் இல்லை. அப்படியானால் நமக்குள் என்ன அத்தை? வக்கீலம்மாவைக் கேட்கும் முன்னால் உங்களைக் கேட்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன எழுதட்டும்?

உங்கள் வாயாடி


டிசம்பர் 7

என் வாயாடிக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

என் வயிற்றில் பாலை வார்த்தாய். கடிதத்தை வாசித்துவிட்டுக் கடைத்தெருவில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு சொந்தக் கால்ல நிக்குது" என்றேன். நோட்டரி வக்கீல் இரண்டு டீ குடித்தார்.

முதலில் ஒரு செய்தி. அவன் போன் செய்தான். இத்தனை மாதம் கழித்து. "சாப்பிட்டீங்களாம்மா?" என்றான். நான் சொன்னேன், "அவ சாப்பிட்டாளான்னு முதல்ல கேளு, அப்புறம் நான் சொல்றேன்." அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில், "அடுத்த வாரம் பண்றேன்" என்றான். பண்ணினான். இன்னும் கேட்கவில்லை. நானும் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை வைத்து நீ எதுவும் செய்ய வேண்டாம், உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். அவன் பாடு அவனோடு. அவன் கேட்கும்வரை நான் சாப்பிட்டேனா இல்லையா என்று அவனுக்குத் தெரியப் போவதில்லை, அவ்வளவுதான்.

இனி உன் கட்டம். அதில் பேனாவை நிறுத்துகிற அளவுக்கு என்னடி சந்தேகம்? படித்த பெண்தானே? நீ பிறந்த அன்று உன்னை முதலில் கையில் வாங்கியவள் நான். உன் அம்மா மயக்கத்தில், உன் அப்பா வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். என் மகன் அப்போது ஐந்து வயதுப் பொடியன், கூட நின்று மிட்டாய் கேட்டு அழுதான். அவனை உன் புருஷன் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? நான் உனக்கு மாமியாரானது நடுவில். அது முடிந்தால் முடிந்துவிட்டுப் போகட்டும், கோர்ட்டில் எழுதியதைக் கோர்ட் அழிக்கட்டும்.

"தந்தையின் உடன்பிறந்த சகோதரி" என்று எழுது. அதற்குச் சான்று கேட்பார்கள் இல்லையா? என் பிறப்புச் சான்றிதழும் உன் அப்பாவுடையதும் நகல் எடுத்து, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கி, இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அம்மா, ஒரே அப்பா. எந்த அதிகாரி வேண்டுமானாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். பாஸ்போர்ட் போன வாரம்தான் புதுப்பித்தேன். நீ கேட்பாய் என்று தெரியாமலா இருந்தேன்?

மார்ச்சில் வருகிறேன். குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று எழுது. குண்டு அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்து வை. உன் அறையில் நான் குறட்டை விடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அப்புறம் ஜன்னல் கண்ணாடியைப் பற்றிப் புகார் எழுதக் கூடாது. மணிக்கட்டுக்கு ஒரு நல்ல தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். வந்ததும் நானே தடவி விடுகிறேன்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால், எழுதியதை ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் அக்கா